ரிம் பிறகு, பிரேக் முதலில்!

என் கஞ்சில் காருக்கு என்னைவிட வயது அதிகம். 1994-இல் அறிமுகமான இந்தச் சின்னக் காரைப் பகுதி நேர வேலை செய்து சேர்த்த பணத்தில் வாங்கினேன். உடனே புது ரிம் போட ஆசை. தெரிந்த மெக்கானிக் அண்ணன் தடுத்தார்.

"முதல்ல பிரேக் எண்ணெயைப் பாரு தம்பி!"

மூடியைத் திறந்தால், எண்ணெய் கறுத்துக் கிடந்தது.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏற ஏற, அது குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். கெந்திங் மலை போன்ற நீண்ட இறக்கத்தில் அப்படிக் கொதித்துக் குமிழ்கள் உண்டானால், பிரேக்கை அடிவரை மிதித்தாலும் கார் நிற்காது.

அண்ணன் அருகில் நிற்க, நானே எண்ணெயை மாற்றினேன். என்ஜின் எண்ணெய், ஸ்பார்க் பிளக் எல்லாம் இப்போது தனியாகவே மாற்றுகிறேன். பிரேக்கில் கைவைத்தால் மட்டும், அவர் சரிபார்த்த பிறகே காரைச் சாலையில் இறக்குகிறேன்.

பழைய கார் வாங்கும் நண்பர்களே, ரிம் ஆசை கொஞ்சம் பொறுக்கட்டும்!