ஜில்லென்று ஒரு மாதுளை சோடா!

கோடை பிறந்தால் போதும். மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு, காதுகுத்து, புதுமனை புகுவிழா... என்று அழைப்பிதழ்கள் வரிசை கட்டி நிற்கும். பிள்ளைகளுக்கோ லீவு. ஊரிலிருந்து அக்கா வருவாள், சித்தப்பா வருவார், கூடவே ஏழெட்டு வாண்டுகளும் வந்து இறங்கும். வெயிலில் வந்தவர்களை உட்கார வைத்து, "காபி சாப்பிடறீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள்.

"காபியா! ஐயோ, வேண்டாம்... ஜில்லுன்னு ஏதாவது கொடுங்க!"

உடனே நாம் என்ன செய்கிறோம்? கடைக்கு ஆளை அனுப்பி இரண்டு லிட்டர் பாட்டில்களாக வாங்கி வந்து அடுக்குகிறோம். இல்லையென்றால் காலையிலேயே ஒரு டிரம் நிறைய ஜூஸ் கலக்கி, ஐஸ் கட்டியைப் போட்டு மூடி வைக்கிறோம். முதலாவதில் சர்க்கரை அதிகம். இரண்டாவதில் என்ன ஆபத்து என்பதை என் சொந்த அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது!

வைத்தியர் வீட்டு வளைகாப்பு

சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாதம். என் மகளுக்கு வளைகாப்பு. "நம்ம வீட்டு விசேஷத்துல கலர் பாட்டில் எல்லாம் கூடாது, சுத்தமான திராட்சை ஜூஸ்தான்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். காலை ஆறு மணிக்கே பன்னீர் திராட்சையைப் பிழிந்து டிரம்மில் கலக்கியாயிற்று. ஐஸ் பாளங்கள் வந்தன, உடைத்துப் போட்டார்கள். எங்கிருந்து வந்த ஐஸ், எந்தத் தண்ணீரில் செய்தது... நான் கேட்கவில்லை. பத்தரை மணிக்கு விருந்தாளிகள் வர ஆரம்பித்தார்கள். ஒரு மணி வரை அதே டிரம்தான். 'பிரமாதம்' என்று இரண்டாவது தம்ளர் கேட்டவர்களும் உண்டு.

ராத்திரி எட்டு மணிக்கு முதல் போன். பத்து மணிக்குள் எட்டுப் போன். வாந்தி, பேதி! மொத்தம் பதினேழு பேர். எழுபத்திரண்டு வயது அத்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு நாள் டிரிப் ஏற்ற வேண்டியதாயிற்று. நல்லவேளை, என் மகள் அன்றைக்கு அந்த ஜூஸைக் குடிக்கவில்லை. நிறைமாதத்தை நெருங்கும் நேரத்தில் அவளுக்கு நீரிழப்பு ஏற்பட்டிருந்தால்? இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

கட்டிலில் படுத்தபடியே அத்தை என்னைப் பார்த்துக் கேட்டாள்: "ஏய்யா, நீ மருந்து குடுக்கதைத்தான் கேள்விப்பட்டிருக்கேன். இப்ப நோயும் சேத்துக் குடுக்கியா?"

சிரிக்கத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம், அதில் நடந்த தவறு இன்னது என்று எனக்கு முப்பது வருடங்களுக்கு முன்பே பாடமாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்!

ஒரு சாமக் கணக்கு

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் நாங்கள் குணபாடம் படித்தபோது முதலில் மனப்பாடம் செய்தது அக மருந்துகள் 32, புற மருந்துகள் 32 என்கிற பட்டியலைத்தான். ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் ஆயுள் உண்டு. சாறு, சுரசம், குடிநீர், கற்கம், உட்களி, அடை... இந்த ஆறுக்கும் ஆயுள் ஒரே ஒரு சாமம். அதாவது மூன்று மணி நேரம். அதற்கு மேல் அதற்குக் குணம் இல்லை, கொட்டிவிட வேண்டும்.

மருந்துச் சாறுக்கு ஒரு விதி, விருந்துச் சாறுக்கு வேறு விதியா? ஆறு மணிக்குப் பிழிந்ததை ஒரு மணி வரை ஊற்றினேன் என்றால் ஏழு மணி நேரம். இரண்டு சாமத்துக்கும் மேல்!

இதை இன்றைய அறிவியலோடு வைத்துப் பாருங்கள். சாதகமான சூழலில் சில கிருமிகள் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். அப்படியானால் மூன்று மணி நேரத்தில் ஒரு கிருமி ஐநூறைத் தாண்டிவிடும். பழச்சாற்றின் புளிப்பு அந்த வேகத்தைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் கலக்கிய கையிலும், கரண்டியிலும், தண்ணீரிலும் ஒட்டி வந்தவை எல்லாம் அந்தப் புளிப்பில் செத்துவிடும் என்று நம்பி இருக்க முடியாது. ஐஸை நம்பவும் வேண்டாம். குளிரில் கிருமி பெரும்பாலும் சாவதில்லை, தூங்குகிறது. ஐஸ் உருகியதும் விழித்துக்கொள்கிறது.

சரி, விருந்து நாளில் மூன்று மணிக்கு ஒரு தரம் பழம் பிழிந்துகொண்டிருக்க முடியுமா? முடியாது. அதற்கும் அதே பட்டியலில் விடை இருக்கிறது. அதுதான் 'மணப்பாகு'. பழச்சாற்றில் சர்க்கரை சேர்த்துக் காய்ச்சிப் பாகாக்கி வைப்பது. நூல் கணக்கில் இதன் ஆயுள் ஆறு மாதம். பாகில் சர்க்கரை அடர்த்தியாக இருப்பதால் கிருமி வளரத் தேவையான நீர் அதற்குக் கிடைப்பதில்லை. ஊறுகாயை உப்பு காப்பாற்றுகிறதே, அதே கதைதான்.

ஆகவே என் யோசனை இதுதான். விருந்துக்கு இரண்டு நாள் முன்பே மணப்பாகைக் காய்ச்சி வைத்துக்கொள்ளுங்கள். விருந்தாளி வந்த பிறகு, அவர் கண் முன்னாலேயே சோடாவில் கலந்து கொடுங்கள். டிரம்மே வேண்டாம்!

மாதுளை மணப்பாகு செய்முறை

தேவையானவை (35 தம்ளருக்கு):

மாதுளம்பழம் – 2 கிலோ (சாறு 600 மில்லி தேவை)
சர்க்கரை அல்லது கற்கண்டு – 400 கிராம்
தோல் நீக்கிய இஞ்சியின் சாறு – 1 மேசைக்கரண்டி
ஏலக்காய் – 4
பன்னீர் – 1 மேசைக்கரண்டி (விருப்பப்பட்டால்)

பழத்தை உடைப்பதற்கு முன்பே வெளித்தோலை நன்றாகக் கழுவிவிடுங்கள். முத்துக்களை மிக்ஸியில் போட்டு விட்டு விட்டு இரண்டு மூன்று சுற்று மட்டும் சுற்றுங்கள். அதிகம் ஓடவிட்டால் விதை அரைபட்டுக் கசக்கும். சுத்தமான மல் துணியில் வடிகட்டுங்கள். இஞ்சிச் சாற்றைப் பத்து நிமிடம் அசையாமல் வைத்து, அடியில் தங்கும் வெள்ளை மண்டியை விட்டுவிட்டுத் தெளிவை மட்டும் எடுங்கள்.

சாற்றையும் சர்க்கரையையும் எவர்சில்வர் பாத்திரத்தில் சேர்த்துச் சிறு தீயில் வையுங்கள். அலுமினியம் வேண்டாம். ஈயம் பூசாத பித்தளையும் செம்பும் கூடவே கூடாது, புளிப்பு அந்த உலோகத்தைக் கரைக்கும். மேலே வரும் நுரையை எடுத்துவிடுங்கள். 25 முதல் 30 நிமிடம் ஆகும். விரலால் தொட்டுப் பார்த்தால் பிசுபிசுவென்று தேன் மாதிரி ஒட்ட வேண்டும். கம்பி வரட்டும் என்று காத்திருந்தால் ஆறியதும் இறுகிப்போகும்! அந்த நேரத்தில் இஞ்சித் தெளிவும் தட்டிய ஏலக்காயும் போட்டு ஒரு கொதி விட்டு இறக்குங்கள். வடிகட்டிய பிறகு பன்னீர் சேர்க்கலாம். இது சமையலுக்கென்று விற்கும் பன்னீராக இருக்க வேண்டும். கல்யாண வாசலில் தெளிக்கிற பன்னீரை எடுத்து ஊற்றிவிடாதீர்கள், அது குடிப்பதற்கானது அல்ல.

கொதிநீரில் பத்து நிமிடம் போட்டெடுத்து, ஈரம் போகக் காயவைத்த கண்ணாடி பாட்டிலில் ஊற்றி மூடுங்கள். ஏறக்குறைய அரை லிட்டருக்குச் சற்று மேல் கிடைக்கும். ஆறு மாதம் என்பது நூல் கணக்கு. வீட்டில் நாம் பதம் பார்க்கிற கைக்கு, ஃபிரிட்ஜில் வைத்து ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுவதுதான் நல்லது. ஈரக் கரண்டி பட்டால் அதுவும் தாங்காது.

சோடா கலக்கும் பக்குவம்

ஒரு தம்ளரில் 1 மேசைக்கரண்டி (15 மில்லி) மணப்பாகு, 1 தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை இந்துப்பு. இரண்டு ஸ்பூன் கொதித்து ஆறிய நீர் விட்டு நன்றாகக் கரையுங்கள். பிறகு தம்ளரைச் சாய்த்துப் பிடித்து 150 மில்லி சோடாவை ஓரமாக மெல்ல ஊற்றுங்கள். ஒரே ஒரு முறை கலக்கினால் போதும். மேலே ஒரு ஸ்பூன் மாதுளை முத்து. சின்னக் குழந்தைகளின் தம்ளரில் மட்டும் முத்து வேண்டாம், புரையேறும்.

35 தம்ளருக்கு எட்டு எலுமிச்சம்பழமும் ஆறு லிட்டர் சோடாவும் போதும்.

சோடா என்பது வேறொன்றுமில்லை, அழுத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு வாயுவை ஏற்றிய தண்ணீர். 1767-ல் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி இதைச் செய்து பார்த்தார். 1872-ல் ஹிராம் காட் என்பவர் கோலி வைத்த பாட்டிலுக்குக் காப்புரிமை வாங்கினார். நம் ஊர் கோலி சோடாவின் மூதாதை அதுதான். உள்ளே இருக்கும் வாயுவே கோலியை மேலே தள்ளி அடைத்துக்கொள்ளும்!

இந்த வாயுவுக்குக் குளிர் பிடிக்கும். 20 டிகிரி நீரைவிட 0 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும் நீரில் ஏறத்தாழ இரண்டு மடங்கு கரையும். எனவே சோடா, பாகு இரண்டையும் முன்கூட்டியே ஃபிரிட்ஜில் குளிர வையுங்கள். 'சுர்ர்' என்ற கிளுகிளுப்பு அப்படியே நிற்கும். ஐஸும் அதிகம் தேவைப்படாது. ஐஸ் போட்டே ஆக வேண்டும் என்றால், கொதித்து ஆறிய நீரை இரண்டு நாள் முன்பிருந்தே உங்கள் ஃபிரிட்ஜில் உறைய வைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு வேண்டாம்?

'பழம்தானே, சித்த மருந்துதானே' என்று தம்ளர் தம்ளராகக் குடித்துவிடாதீர்கள். சர்க்கரை சர்க்கரைதான்! இந்தத் தம்ளர் ஒன்றில் சுமார் 13 கிராம் இருக்கிறது. கடைக் கோலாவில் 100 மில்லிக்கே பத்து கிராமுக்கு மேல். 300 மில்லி பாட்டில் ஒன்றில் 30 கிராமைத் தாண்டும். நாள் முழுக்கச் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொல்லியிருக்கிறது. பழச்சாற்றில் இருக்கும் சர்க்கரையும் அந்தக் கணக்கில் அடக்கம். ஆகவே ஆளுக்கு ஒரு தம்ளர்; அதோடு சரி.

நீரிழிவு உள்ளவர்களுக்கு மணப்பாகு வேண்டாம். அவர்களுக்கு எலுமிச்சை, இஞ்சித் தெளிவு, நசுக்கிய புதினா, சோடா. ஜம்மென்று இருக்கும். 'உங்களுக்குச் சுகர், நீங்க தண்ணி குடிங்க' என்று விருந்தாளியை ஒதுக்கி உட்கார வைக்காதீர்கள்!

ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு உப்பைத் தவிர்த்துவிடுங்கள். நெஞ்செரிச்சல், வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் சோடாவே வேண்டாம். சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீரை அளந்து குடிப்பவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

நீங்கள் கேட்கப் போவது...

"சோடா வாங்காம, சமையல் சோடாவும் எலுமிச்சையும் போட்டா பொங்குதே, அது போதாதா டாக்டர்?"

பொங்கும். ஆனால் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவில் சோடியம் மட்டும் சுமார் 1.2 கிராம். ரத்த அழுத்தக்காரருக்கு இது வம்பு. ருசியும் வாயில் நிற்காது.

"பழச்சாறைப் புளிக்க வச்சா தானா கேஸ் வரும்கிறாங்களே?"

வரும். எவ்வளவு வரும் என்பது உங்கள் கையில் இல்லை. மே மாத வெயிலில் மூடி வைத்த கண்ணாடி பாட்டில் வெடித்துச் சிதறலாம். கொஞ்சம் சாராயச் சத்தும் சேர்ந்துவிடும். குழந்தைகள் குடிக்கிற இடத்தில் இந்தப் பரீட்சை வேண்டாம்.

"சாப்பாட்டுக்கு அப்புறம் சோடா குடிச்சா செரிக்குமா?"

ஏப்பம் வரும், வயிறு லேசானது போல இருக்கும். அது வாயு வெளியேறுவதுதான், செரிமானம் அல்ல.

"வெயில்ல மயங்கி விழுந்தவங்களுக்கு இதைக் கொடுக்கலாமா?"

கூடாது. நினைவு சரியாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. நிழலில் படுக்க வைத்து, உடம்பை ஈரத் துணியால் துடைத்து, விசிறிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். வாந்தி பேதி கண்டவர்களுக்கும் சோடா உதவாது. மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொடியை, பாக்கெட்டில் சொன்ன அளவு நீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும்.

அந்த வளைகாப்பு முடிந்த மறு வருடம் பேரனுக்குக் காதுகுத்து. அதே மே மாதம், அதே வெயில். வாசலில் ஒரு மேஜை போட்டு, பாகு பாட்டில், எலுமிச்சைச் சாறு, சோடா என்று நானே நின்றுகொண்டேன். யார் வந்தாலும் அப்போதுதான் கலந்து கொடுத்தேன். எலுமிச்சைச் சாற்றைக்கூடக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிழிந்தோம். அதுவும் சாறுதானே, ஒரு சாமம்தான்!

அத்தை வந்தாள். தம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"இது எப்பக் கலக்குனது?"

"இப்பத்தான் அத்தை. உங்க கண்ணு முன்னாலதான் கலக்குனேன்."

குடித்து முடித்துவிட்டு இன்னொரு தம்ளர் கேட்டாள். அத்தைக்குச் சர்க்கரை நோய் கிடையாதுதான். ஆனாலும் ஆளுக்கு ஒன்று என்ற சட்டத்தை அவளுக்காக மீற மனமில்லை. எலுமிச்சையும் புதினாவும் போட்டு வெறும் சோடாவாகக் கொடுத்தேன்.

அடுத்த விசேஷம் உங்கள் வீட்டிலா? கிளம்புங்கள் மார்க்கெட்டுக்கு, இரண்டு கிலோ மாதுளை வாங்க!