அப்பா 'ப'... தம்பி 'ப'!

2011-ம் வருஷம். பி.காம். முடித்த கையோடு கோவில்பட்டியில் ஓர் உளுந்து கமிஷன் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். சம்பளம் 4,500 ரூபாய். டீ, வடை கடை கணக்கில்.

ஒருநாள் மும்பைப் பார்ட்டி ஒருவர் போன் பண்ணினார். எங்கள் முதலாளி அண்ணாச்சிக்கு இந்தியும் இங்கிலீஷும் தூரத்துச் சொந்தம். "எய்யா பி.காமு, நீ பேசு" என்று போனை என் கையில் திணித்துவிட்டார்.

"உளுந்து எவ்வளவு ரெடியாக இருக்கிறது?"

அப்போதுதான் புதிதாக ஒரு கிலோ பாக்கெட் போட ஆரம்பித்திருந்தோம். மூலையில் 200 பாக்கெட் அடுக்கியிருந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "டூ ஹண்ட்ரட் பேக், சார்!" என்றேன்.

"பேக்?"

"எஸ் சார், பேக்!"

"வெரி குட்" என்று வைத்துவிட்டார்.

நாலாம் நாள் காலையில் கடை வாசலில் மதுரையிலிருந்து ஒரு லாரி வந்து நின்றது. பத்து டன் லாரி! ஐம்பது கிலோ மூடை 200 என்றால் பத்து டன்தானே? கணக்கு சரியாகத்தான் இருந்தது. என் வாய்தான் சரியில்லை. நான் சொன்னது பாக்கெட் பேக். அவர் காதில் விழுந்தது மூட்டை பேக். டிரைவர் மூலையில் இருந்த 200 பாக்கெட்டைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "இதுக்கு ஒரு ஆட்டோ போதுமேண்ணே" என்றார்.

லாரி வாடகையில் பாதியை அண்ணாச்சி என் சம்பளத்தில் மாசாமாசம் பிடித்துக்கொண்டார். மும்பைப் பார்ட்டி அதற்கப்புறம் போனே பண்ணவில்லை.

இப்போது நீங்கள் கேட்கலாம். "ஏம்ப்பா, ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாமலா பி.காம். படிச்சே?" தெரியும் சாமி! எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். சொல்லும்போதுதான் இடறும். காரணத்தை இங்கே அச்சடித்துக் காட்டுவதே கஷ்டம், பாருங்கள். பாக்கெட்டும் 'பேக்', மூட்டையும் 'பேக்', முதுகும் 'பேக்'. மாத்திரையும் 'பில்', கடைக்காரர் நீட்டுவதும் 'பில்'. பஸ் ஸ்டாண்டில் நான் வாங்கிய முப்பது நாள் இங்கிலீஷ் புத்தகத்தில் எல்லாவற்றுக்கும் நேரே தமிழில் இப்படித்தான் போட்டிருந்தது. அதை மனப்பாடம் பண்ணியவன் பத்து டன் லாரியை வரவழைக்காமல் என்ன செய்வான்?

அதற்கு முன்னால் நடந்த கூத்து ஒன்று உண்டு. மதுரையில் ஒரு கம்பெனி இண்டர்வியூ. வராக் கடனைப் பற்றிக் கேட்டார்கள். கரைத்துக் குடித்த பாடம்! 'பேட் டெட்ஸ்' என்று ஆரம்பித்தேன். அந்த 'பே'யும் 'டெ'யும் மென்மையாக வரவேண்டியவை. எனக்கு இரண்டுமே உலர்ந்த சோளத்தட்டை மாதிரி மொடமொடவென்று வந்தன. மூன்று தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். மூன்றாவது தடவை எதிரே இருந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஒரு சபதம் எடுத்தேன். இனிமேல் எந்த 'ப' வந்தாலும் மென்மையாகத்தான் சொல்வது! பேப்பர், பென்சில், பர்மிஷன், பிளீஸ்... ஒன்றையும் விடவில்லை. அந்தச் சபதத்தின் பலன்தான் லாரி.

சரி, சிக்கல் எங்கே? நாக்கு தடிப்பா? கரிசல் தண்ணியா? ரெண்டும் இல்லை. 'அப்பா' என்று சொல்லிப் பாருங்கள். அடுத்து 'தம்பி'. ஒரே எழுத்துத்தான். அப்பாவில் வருவது மாத்திரை 'பில்'லின் சத்தம். தம்பியில் வருவது கடைக்காரர் 'பில்'லின் சத்தம். இப்போது 'அக்கா', 'தங்கை' சொல்லுங்கள். அக்காவில் இருப்பது மேல்கோட்டின் 'க'. தங்கையில் இருப்பது வெள்ளாட்டுக்கு இங்கிலீஷ்காரன் சொல்கிற 'கோட்'டின் 'க'. 'பொண்டாட்டி'யில் இன்னும் விசேஷம். ஒரே ஆளிடம் இரண்டு சத்தமும் உண்டு! 'ண்டா'வில் வருவது நாயின் 'டாக்', 'ட்டி'யில் வருவது பேச்சின் 'டாக்'. (கல்யாணம் ஆனவர்கள் இதற்கு மேல் உரை எழுத வேண்டாம்.) ஆச்சியின் 'ச' மலிவான 'சீப்'புக்கு. கஞ்சியின் 'ச' ஓட்டிப்போகிற 'ஜீப்'புக்கு.

ஆக, வெள்ளைக்காரன் சத்தம் அத்தனையும் நம் வீட்டுக்குள்ளேயேதான் இருக்கிறது. ஒரே ஒரு குறை. தம்பியும் தங்கையும் வாசலுக்கு வரமாட்டார்கள். தமிழ்ச் சொல்லின் முதலிலும், இரட்டித்து வரும் இடத்திலும் நிற்பவர்கள் அப்பாவும் அக்காவும். தம்பியும் தங்கையும் 'ம்', 'ங்' இவர்களின் முதுகுக்குப் பின்னாலோ, சொல்லின் நடுவிலோதான் தலைகாட்டுவார்கள். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856-ல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்திலேயே இந்த விதியை விவரமாக எழுதிவிட்டார். தமிழனுக்கு இரண்டு எழுத்துத் தேவைப்படவில்லை. நிற்கிற இடத்தைப் பார்த்தே சத்தம் தெரிந்துவிடும். இங்கிலீஷில் அப்படி இல்லை. இரண்டு பேரும் வாசலில் வந்து நிற்பார்கள். ஆளை மாற்றிக் கூப்பிட்டால் அர்த்தம் மாறிவிடும்.

இந்த எழுத்துப் பஞ்சாயத்து எங்கள் கரிசல் பக்கத்து ஆட்களுக்கிடையே ஒருதடவை நடந்தும் இருக்கிறது. பிறமொழிச் சத்தங்களை எழுதத் தமிழில் எழுத்துப் போதவில்லை என்று எட்டயபுரத்து பாரதி 1915-ல் 'ஞானபானு' பத்திரிகையில் எழுத, ஓட்டப்பிடாரத்து வ.உ.சி. அதை ஏற்காமல் பதில் எழுதினார். இரண்டு ஊரும் எங்களுக்குப் பக்கம் என்பதால் தீர்ப்புச் சொல்ல எனக்குப் பயம். ஆனால் ஒன்று. 'பாரதி பாட்டு' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முதல் 'பா' தம்பி, இரண்டாவது 'பா' அப்பா. எழுத்தில் ஒரு அடையாளமும் கிடையாது. ஆனாலும் எங்கள் ஊர் ஒண்ணாங்கிளாஸ் பையன்கூட மாற்றிச் சொல்வதில்லை. காந்தியும் கத்தரிக்காயும் அப்படித்தான். காதால் கேட்டுப் பழகியது!

என்னோடு கல்லூரியில் படித்த ஒருவனுக்கு வீட்டில் தெலுங்கு. கரிசல் கிராமங்களில் இது சகஜம். இடைசெவல் கி.ரா. வீட்டிலும் தெலுங்குதான். தெலுங்கில் 'ப' நாலு, 'க' நாலு. அவன் பிறந்ததிலிருந்து அம்மாவிடம் வசவு வாங்கியே இரண்டையும் பிரித்துக் கேட்டுப் பழகியவன். நான் 'பேட் டெட்ஸ்'ஸோடு மல்லுக்கட்டும்போது, "இதுல என்ன மாப்ளே கஷ்டம்?" என்பான். அவனை எனக்கு ரொம்ப நாள் பிடிக்காது.

சரி, வைத்தியத்துக்கு வருவோம். தொண்டைச் சங்கில் இரண்டு விரலை வையுங்கள். வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகுங்கள். சங்கு அதிர்கிறதா? அந்த அதிர்வை நிறுத்தாமல் வாயைத் திறந்து 'பில்' என்று சொல்லுங்கள். வந்து நிற்பவர் தம்பி! பத்துத் தடவை 'ம்ம்ம்பில்'. அப்புறம் 'ம்ம்பில்'. அப்புறம் வெறும் 'பில்'. 'ம்' மனசுக்குள் மட்டும். இதேபோல் தங்கையை அழைக்க 'ங்ங்கோட்'. பொண்டாட்டியை அழைக்க 'ண்ண்டாக்'. 'ட'வுக்கு நாக்கை நம்மைப்போல மேலே மடிக்க வேண்டாம், மேல்பல்லுக்குப் பின்னால் இருக்கும் மேட்டைத் தொட்டால் போதும். ஆபீஸில் செய்யாதீர்கள். மாடு கன்று போட்டிருக்கிறதா என்று கேட்பார்கள்.

அப்பா 'ப'வுக்கு எங்கள் ஊர்ச் சரக்கே போதும். தீப்பெட்டி! ஒரு குச்சியை உரசி வாய்க்கு நாலு விரல் தள்ளிப் பிடித்துக்கொண்டு, குண்டூசி 'பின்' சொல்லுங்கள். இங்கிலீஷ்காரன் சொன்னால் சுடர் வளையும், சில சமயம் அணைந்தே போகும். சொல்லின் முதலில் வரும் 'ப', 'ட', 'க' மூன்றிலும் அவன் ஒரு ஊதல் விடுகிறான். குப்பைத்தொட்டி 'பின்'னுக்கு சுடர் அவ்வளவாக அசையாது. நாம் குண்டூசி என்று நினைத்துச் சரியாகவே சொன்னாலும், ஊதல் இல்லாததால் வெளிநாட்டுக்காரன் காதுக்கு அது குப்பைத்தொட்டி! மும்பைக்காரருக்கு இந்த ஊதல் தேவையில்லை, சங்கு அதிராமல் இருந்தால் போதும். கப்பல் கம்பெனி, கால் சென்டர் என்று கடல் தாண்டிப் பேசுகிறவர்கள் மட்டும் குச்சியைச் செலவழிக்கலாம். நெருப்புக்குப் பயந்தவர்கள் பஸ் டிக்கெட்டை உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டுப் பார்க்கலாம். அதுவும் ஆடும்.

சொல்லின் கடைசியில் வரும்போது இன்னொரு தந்திரம். அங்கே நாம் 'பேக்கு', 'கேப்பு' என்று ஒரு உகரத்தை ஒட்டி இரட்டித்துவிடுகிறோம். இரட்டித்தால் வருவது அப்பாதானே? தலைத் தொப்பியை 'கேப்' என்று வெடுக்கென்று முடியுங்கள். வாடகைக் காரை 'கே...ப்' என்று கொஞ்சம் இழுங்கள். இங்கிலீஷ்காரனே அப்படித்தான் இழுக்கிறான். அவன் காது பாதி அடையாளத்தை அந்த நீளத்தில்தான் கண்டுபிடிக்கிறது. நான் மட்டும் அன்றைக்கு மொடமொடவென்று ஆரம்பித்து வெடுக்கென்று முடித்திருந்தால் ஆட்டோவோடு போயிருக்கும்.

மற்றதெல்லாம் சில்லறை. 'ஸ'வும் 'ஷ'வும் குழம்பினால், பாம்பு சீறுவது கடல் 'ஸீ'; பிள்ளையை 'உஷ்' என்று அடக்குவது அவள் 'ஷீ'. பாம்பு சீறும்போதே தொண்டைச் சங்கை அதிரவிட்டால் வண்டு ரீங்காரம் கிடைக்கும். பூஜ்யத்தின் 'ஸீரோ' அதில்தான் ஆரம்பிக்கிறது, 'ஜீரோ'வில் இல்லை. 'இது, அது' என்பதற்கு இங்கிலீஷில் வரும் 'திஸ், தட்' நம் மதினியிடம் இருக்கிறது. 'மதினி' என்று சொல்லும்போது நடுவில் நாக்கு பல்லில் பட்டும் படாமலும் நழுவுகிறதே, ஏறக்குறைய அதுவேதான். நாக்கு நுனியைக் கொஞ்சம் வெளியே நீட்டினால் முழுசாகக் கிடைக்கும். ஒயின் 'வ'வுக்கு சீட்டியடிக்கிற மாதிரி உதட்டைக் குவிக்கணும். வேன் 'வ'வுக்கு மேல்பல் கீழுதட்டைத் தொடணும். அதே இடத்தில் பல்லை வைத்து வெறும் காற்றை விட்டால் 'ஃப'. இதை மட்டும் ஆபீஸ்காரர்கள் அலட்சியம் பண்ணவேண்டாம். நண்பர் ஒருவர் லீவு கேட்ட மேலதிகாரியிடம், "சார், உங்க பைல்ஸ் என் டேபிள்லதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு ஒருவாரம் தலைமறைவாகத் திரிந்தார்.

வெள்ளைக்காரன் மாதிரியே பேசவேண்டும் என்கிற கட்சி இல்லை நான். அவன் தூத்துக்குடியை 'டூட்டிகோரின்' ஆக்கினான். எந்த இண்டர்வியூவிலும் அவனை யாரும் மூன்று தடவை சொல்லச் சொல்லவில்லை. எனக்கு வேண்டியது லாரியா, ஆட்டோவா என்று எதிராளிக்குத் தெரியணும். அவ்வளவே.

போன மாசம் என் சித்தி மகன் சென்னையில் ஓர் இண்டர்வியூவுக்குக் கிளம்பினான். என்னைப் போலவே தமிழ் மீடியம், என்னைப் போலவே பி.காம். ஒருவாரம் எங்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து 'ம்ம்ம்பில், ங்ங்கோட்' என்று சாதகம் பண்ணினான். சித்தி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு மந்திரிக்கணுமோய்யா?" என்றாள். தீப்பெட்டி இரண்டு காலி. வராக் கடனை மட்டும் நூறு தடவை சொல்லவைத்தேன். ஊருக்கு உபகாரம் என்று சொல்லிக்கொண்டாலும், அந்த மூன்று பேருக்குப் பதில் சொல்வதாகத்தான் எனக்குள் நினைப்பு.

இண்டர்வியூ அன்று சாயங்காலம் போன் வந்தது. பின்னால் பஸ் ஹாரன் சத்தம்.

"அண்ணே... பாஸ்!"

எனக்குப் பகீர் என்றது. "எந்தப் பாஸுலே? ஜெயிச்ச பாஸா, முதலாளி பாஸா? பக்கத்துல அவரு நிக்காரா?"

ஒரு நிமிஷம் சத்தமில்லை. அப்புறம் வாயில் டிக்கெட்டைத் தொங்கவிட்டதுபோல் ஊதிச் சொன்னான்.

"அப்பா பாஸ்ணே!"