‘ஃபார்மேட் செய்யவா?’ என்று கேட்டால் ‘நோ’ கொடுங்க! பழைய ஃப்ளாப்பியை மீட்பது எப்படி?

நாவலூர் ஐடி ஊழியர் போனில் எடுக்கும் ஒரு போட்டோகூட 1.44 எம்.பி. ஃப்ளாப்பியில் அடங்குவது சந்தேகம்தான். ஆனால், அப்பாவின் பழைய கணக்கு வழக்கு அதில் இருக்கலாம். ஜப்பானில் சோனி 2011-லேயே ஃப்ளாப்பி விற்பனையை நிறுத்திவிட்டதால், இருப்பதைக் காப்பாற்றுவதே வழி.

முதலில், மூலையில் உள்ள சதுர ஓட்டை திறக்கும்படி பட்டனைத் தள்ளுங்க. தவறுதலாக எதுவும் அழியாது. ஷட்டரை நகர்த்திப் பாருங்க. ஈரக்காற்றில் பூஞ்சை பிடித்திருந்தால் டிரைவில் போடாதீங்க. அது ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த ஃப்ளாப்பியையும் கீறும்.

சுத்தமான ஃப்ளாப்பியும் படிக்கலையா? ஹெட்டில் அழுக்கு இருக்கலாம். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் மெதுவாகத் துடைங்க. டிரைவ் விளக்கு அணையாமல் எரிந்தால், ரிப்பன் கேபிள் தலைகீழாக மாட்டியிருக்க வாய்ப்பு அதிகம்.

ஒருமுறை படித்துவிட்டால், உடனே முழுசா காப்பி எடுத்துடுங்க. அடுத்த முறை படிக்கும் என்று உத்தரவாதம் இல்லை.