குதிரைக்கு முதலில் கடிவாளம்

அமெரிக்காவில் வாரக் கடைசியில் கட்டணம் கட்டிவிட்டுச் சொந்தக் காரையே பந்தயத் தடத்தில் விரட்டிப் பார்க்கலாம். வீட்டுக் கொட்டகையில் ஒரு 1965-ம் வருஷத்து ஃபோர்டு மஸ்டாங் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மஸ்டாங் என்றால் காட்டுக் குதிரை! எஞ்சினுக்கு இன்னும் வேகம் ஏற்றத்தான் கை துறுதுறுக்கும். வேண்டாம், ஸார்! முதலில் பிரேக்கைப் பாருங்கள்.

அந்தக் காரில் சாதாரணமாக நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். கடைத்தெருவுக்குப் போய்வர அது போதும். தடத்திலோ, வளைவுக்கு வளைவு மிதிக்க மிதிக்க டிரம் கொதித்து விரிகிறது. உள்ளே இருக்கும் பட்டைகள் பிடிப்பை இழக்கின்றன. கால் இறங்குகிறது, கார் நிற்கவில்லை. எதிரே வளைவு! வயிற்றைக் கலக்குகிறதல்லவா?

ஆகவே முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போடுகிறார்கள். காற்றுப் பட்டு அது சீக்கிரம் ஆறும். பிரேக் திரவமும் புதிதாக இருக்க வேண்டும்; ஈரம் குடித்த திரவம் சீக்கிரம் கொதித்துவிடும். மாஸ்டர் சிலிண்டரோ ஒற்றை அறை கொண்டது. ஒரு குழாய் கசிந்தால் நான்கு பிரேக்கும் போச்சு! இரட்டை அறை கொண்டதை மாட்டுவது உத்தமம்.

அப்புறம், கரோல் ஷெல்பி 1965-ல் தம் ஜி.டி. 350 காரில் செய்த தந்திரம்: முன் சஸ்பென்ஷனின் மேல் கரங்களை ஓர் அங்குலம் கீழே இறக்குவது. புதுத் துளைகள் போட்டால் ஆயிற்று, செலவு சொற்பம். வளைவில் டயர் தரையைக் கெட்டியாகப் பற்றும். அலைன்மென்ட் மட்டும் பட்டறைக்காரர் பார்க்கட்டும்.