மான் வேட்டை: அதிர்ஷ்டமா, திறமையா?

கூட்டுறவு நாணய சங்கங்களின் பஞ்சாயத்துக் கூட்டங்களில் ஒரு கேள்வி அடிக்கடி எழுவதுண்டு. அங்கத்தினர் ஒருவர் வாங்கிய கடனுக்குத் தவணை வந்துவிடுகிறது, வெள்ளாமையோ பொய்த்துவிட்டது, ஆகவே வாய்தா வேண்டுமென்று அவர் மனுச் செய்துகொள்கிறார். பஞ்சாயத்தாரில் ஒரு சாரார், "பாவம், அவருடைய அதிர்ஷ்டம் அப்படி; அவர் என்ன செய்வார்?" என்பர். மற்றொரு சாரார், "அடுத்த வயல் விளைந்திருக்கிறதே, இவருக்குச் சாமர்த்தியம் போதாது" என்பர். முதற் சாராரின் சொல்லையே எப்பொழுதும் கேட்டு வந்தால் சங்கத்தின் பணம் கரைந்துபோகும். இரண்டாம் சாராரின் சொல்லையே எப்பொழுதும் கேட்டு வந்தால், யோக்கியமான குடியானவர் ஒருவர் சங்கத்தைவிட்டு நீங்கி, பழையபடி அதிக வட்டிக்காரரின் வாசலில் போய் நிற்பார். ஆகையால் ஒரு காரியத்தின் பலனில் அதிர்ஷ்டத்தின் பங்கு எவ்வளவு, திறமையின் பங்கு எவ்வளவு என்று பகுத்தறிவது ஒவ்வோர் அங்கத்தினருக்கும் அவசியமாகிறது.

இதனை விளக்குவதற்கு மான் வேட்டையைப்போல் ஏற்ற உதாரணம் வேறில்லை. விவசாயத்தின் பலன் தெரிய ஒரு போகம் காத்திருக்க வேண்டும். வேட்டையின் பலனோ ஓரிரு நாட்களில் தெரிந்துவிடும். நமது நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டை குற்றமாகும். எனவே இக்கட்டுரை எவரையும் வேட்டைக்குத் தூண்டுவதன்று. வேட்டையையே ஜீவனமாகக் கொண்டிருந்த தூரதேசத்து ஜனங்களின் அனுபவத்திலிருந்து நாம் அறியத்தக்கது யாது என்பதே இங்கு விஷயம்.

காலஹாரியின் வேடர்கள்

ஆப்பிரிக்காவின் தென்பாகத்தில், போட்ஸ்வானா, நமீபியா என்னும் இரு நாடுகளின் எல்லையில் காலஹாரி என்னும் வறண்ட மணற்பிரதேசம் இருக்கிறது. அங்கு வசிப்பவர்களுள் ஒரு வகுப்பாரைப் பழைய நூல்கள் குங் என்று குறிப்பிடுகின்றன; அவர்கள் தங்களை ஜூன்ட்வாசி என்று சொல்லிக்கொள்வர். 1950களின் தொடக்கத்தில் லார்னா மார்ஷல் என்னும் அமெரிக்க அம்மையார் தமது குடும்பத்தாருடன் அங்குச் சென்று அவர்களுடைய வாழ்க்கையை எழுதி வைத்தார். 1963ஆம் ஆண்டு முதல் ரிச்சர்ட் லீ என்னும் ஆராய்ச்சியாளர் அவர்களுடன் தங்கி, யார் எத்தனை நாள் வேட்டைக்குப் போனார், என்ன கொண்டுவந்தார் என்பதை நாள்தோறும் கணக்கெடுத்தார். பின்வருவன அக்காலத்து நிலைமையாகும்.

அவர்கள் வேட்டையாடிய பெரிய மிருகங்களில் குடு, ஜெம்ஸ்பாக் என்னும் பெரிய மான் வகைகள் முக்கியமானவை. அவர்களுடைய வில் சிறியது, அம்போ இறகற்றது, ஆகையால் மிருகத்துக்கு மிகச் சமீபத்தில் சென்றே எய்ய வேண்டும். அம்பின் வேகம் மானைக் கொல்வதில்லை. ஒருவகை வண்டின் புழுவிலிருந்து எடுத்த விஷமே கொல்லுகிறது. அந்த விஷத்தை அம்பின் கூரிய முனையில் தடவாமல், முனைக்குப் பின்னுள்ள தண்டில் தடவுவார்கள். கைதவறி முனை கீறிவிட்டாலும் ஆபத்து நேராதிருப்பதற்காகவே இந்த ஏற்பாடு. பெரிய மான் விழ ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். ஆகையால் வேடர் அம்பெய்தபின் அடிச்சுவட்டை நன்றாகப் பார்த்து மனத்திற் கொண்டு குடியிருப்புக்குத் திரும்பி, மறுநாள் துணைவர்களுடன் அந்தத் தடத்தைத் தொடர்ந்து செல்வார்.

திறமையின் பங்கு

இந்த வேலையில் திறமை எவ்வளவு வேண்டுமென்பது வெளிப்படை. மானின் குளம்புச்சுவட்டின்மீது இரவில் திரியும் பூச்சிகளின் தடம் குறுக்கே சென்றிருந்தால், மான் இரவுக்கு முன்போ இரவிலோ சென்றதென்று வேடர் அறிவார். சுவடு ஒரு மரநிழலிலிருந்து மற்றொரு மரநிழலுக்கு வளைந்து வளைந்து சென்றிருந்தால், அது வெயில் ஏறிய நேரத்தில் நடந்ததென்று அறிவார். காற்று எத்திசையிலிருந்து வீசுகிறதென்று கவனித்து, தமது வாடை மானுக்கு எட்டாதபடி எதிர்க்காற்றில் நெருங்குவார். இவை யாவும் சிறு பிராயமுதல் பெரியோருடன் சென்று கற்றுக்கொள்வன.

வேட்டை முழுவதும் அதிர்ஷ்டமே என்றால், கற்றவருக்கும் கல்லாதவருக்கும் பலன் ஒன்றாகவே இருக்க வேண்டும். அப்படி இல்லை என்பதற்குத் தக்க சான்று உண்டு. உலகத்தின் பல பாகங்களிலுள்ள 40 இடங்களில், 1,800க்கு மேற்பட்ட வேடர்களுடைய ஏறத்தாழ 23,000 வேட்டைக் குறிப்புகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்த முடிவு 2020ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதன்படி வேடர்கள் சராசரியாக 30 வயதுக்கும் 35 வயதுக்கும் இடையில்தான் அதிகப் பலன் பெறுகின்றனர். உடல் வேகம் மட்டும் போதுமானால் 20 வயதுக்காரரே முதல்வராக இருப்பார். அதிர்ஷ்டம் மட்டும் போதுமானால் வயதுக்கே கணக்கில்லை. அன்றியும் ஒரே இடத்திலுள்ள வேடர்களுக்குள்ளும் வித்தியாசம் மிகுதியாகக் காணப்பட்டது. ஆகவே திறமை உண்மை. அது அனுபவத்தால் வளர்வது.

அதிர்ஷ்டத்தின் பங்கு

எனினும் திறமையுடையவர் ஒவ்வொரு நாளும் மானுடன் திரும்புவதில்லை. நெருங்கிச் சென்ற கணத்தில் காற்றுத் திரும்பினால் மான் ஓடிவிடும். விஷமேறி விழுந்த மானை வேடர் சென்று சேர்வதற்கு முன் சிங்கமோ கழுதைப்புலியோ கண்டுவிட்டால், இரண்டு நாள் உழைப்பும் வீணாகும். 1964ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ரிச்சர்ட் லீ எடுத்த கணக்கில், சிறிய மிருகங்களையும் சேர்த்து, ஏறத்தாழ நான்கு ஆள்-நாட்களுக்கு ஒரு மிருகமே கிடைத்தது.

இந்த விகிதத்தைக் கொண்டு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு நாலில் ஒரு நாள் பலிக்கிறதென்றும், அவரிலும் திறமையுள்ள மற்றொருவருக்கு மூன்றில் ஒரு நாள் பலிக்கிறதென்றும் வைத்துக்கொள்வோம். 120 நாள் முடிவில் முதல்வருக்கு ஏறத்தாழ 30 மிருகமும், இரண்டாமவருக்கு ஏறத்தாழ 40 மிருகமும் கிடைத்திருக்கும். வித்தியாசம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு நாளை மட்டும் பார்த்தால், ஆறு நாளில் ஒரு நாள் திறமையுள்ளவர் வெறுங்கையுடன் திரும்ப, திறமை குறைந்தவர் மிருகத்துடன் வந்துகொண்டிருப்பார். அந்த ஒரு நாளைக் கண்டு இருவரையும் எடைபோடுபவர் ஏமாந்துபோவார். மேலும் அந்தத் திறமைசாலியே தொடர்ந்து நான்கு நாள் வெறுங்கையுடன் திரும்புவது ஐந்தில் ஒரு தடவை நேரக்கூடியது. அவரிடத்தில் குற்றம் ஒன்றுமில்லை. ஆயினும் நான்கு நாள் அவருடைய மக்கள் பட்டினி கிடக்க முடியுமா?

ஆகவே, ஒரு நாளின் பலன் பெரும்பாலும் அதிர்ஷ்டத்தின் வசம். பல நாட்களின் பலன் பெரும்பாலும் திறமையின் வசம்.

அதிர்ஷ்டத்தைப் பங்கிட்டுக்கொண்ட விதம்

காலஹாரி மக்கள் இதற்குக் கண்ட பரிகாரமே நமது கவனத்துக்கு உரியது. பெரிய மிருகம் விழுந்தால் அதன் மாமிசம் குடியிருப்பு முழுவதற்கும் பங்கிடப்படும். அதைப் பங்கிடும் உரிமை, எய்தவருக்கு அன்றி, முதலில் தைத்த அம்பின் சொந்தக்காரருக்கு உரியது. அவர்களோ தங்களுக்குள் அம்புகளைக் கொடுத்தும் வாங்கியும் வருவார்கள். ஒருவருடைய தூணியில் பலருடைய அம்புகள் இருக்கும். இதனால் வேட்டைக்குப் போகாத முதியவரும் ஒரு நாள் மாமிசத்துக்கு உரிமையாளராவார்.

மீண்டும் கணக்கைப் பாருங்கள். நாலில் ஒரு நாள் பலிக்கும் வேடர் தனியாக இருந்தால், இரண்டு நாள் சேர்ந்தாற்போல் மாமிசமின்றி இருப்பது பாதிக்கு மேற்பட்ட தடவை நேரும். அத்தகைய ஏழு வேடர்கள், தனித்தனியே வேட்டைக்குச் சென்று, கிடைத்ததைப் பங்கிட்டுக்கொண்டால், இரண்டு நாள் ஒருவருக்குமே ஒன்றும் கிடைக்காமற்போவது நூற்றுக்கு இரண்டு தடவைக்கும் குறைவு. ஒருவருடைய திறமையும் கூடவில்லை, மான்களும் பெருகவில்லை, பங்கிட்டதனால் மாத்திரம் பட்டினி நீங்கிற்று.

அவர்கள் எல்லாவற்றையும் இவ்வாறு பங்கிடவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. அவர்களுடைய உணவில், எடையளவில் நூற்றுக்கு 60 முதல் 80 பங்கு வரை கொட்டை, கிழங்கு முதலிய தாவர உணவே. அதைப் பெரும்பாலும் பெண்கள் சேகரித்தனர். தேடிச் சென்றால் நிச்சயமாகக் கிடைக்கக்கூடிய அந்த உணவு பெரும்பாலும் அந்தந்தக் குடும்பத்துக்கே உரியதாயிருந்தது. தென்னமெரிக்காவிலுள்ள பராகுவே நாட்டின் ஆச்சே என்னும் காட்டு ஜனங்களை 1980களில் ஆராய்ந்தவர்களும், வேட்டை மாமிசமே மிக விரிவாகப் பங்கிடப்பட்டதென்றும், சேகரித்த உணவு அவ்வளவு பங்கிடப்படவில்லையென்றும் கண்டனர். நிச்சயமானதை அவரவர் உழைப்புக்கு விட்டுவிட்டு, நிச்சயமற்றதைப் பலரும் சேர்ந்து தாங்குவதே இதன் தத்துவம்.

மற்றொரு வழக்கமும் உண்டு. பெரிய மானை வீழ்த்தியவர் பெருமை பேசிக்கொண்டு வருதல் கூடாது. அவர் மௌனமாக வந்து உட்காருவார். கேட்டால் சொல்லத்தக்கதொன்றும் அகப்படவில்லை என்பார். மறுநாள் உடன் சென்றவர்களும், இந்த எலும்புக்கூட்டைத் தூக்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று பரிகாசம் செய்வார்கள். வெற்றி பெற்ற வாலிபர் தம்மைத் தலைவராக எண்ணி மற்றவரை ஏவத் தொடங்காதபடி அவருடைய மனத்தைக் குளிரச் செய்வதே இதன் நோக்கமென்று அவர்களில் ஒரு பெரியவர் ரிச்சர்ட் லீ அவர்களுக்கு விளக்கினார்.

எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வரும் கஷ்டம்

பங்கீட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. ஏழு வேடர்களில் ஒருவர் தவறினால் மற்ற அறுவர் தாங்கலாம். மழையின்றி அப்பிரதேசத்து மிருகங்களெல்லாம் வேறிடம் போய்விட்டால் எழுவரும் ஒருங்கே தவிப்பார்கள். இதற்காகத் தூரத்துக் குடியிருப்புகளில் உள்ளவர்களுடன் அவர்கள் நல்ல காலத்திலேயே வெகுமதிகளை மாற்றி உறவு கொண்டாடி வருவார்கள் என்றும், பஞ்சம் வந்தபோது அந்த உறவினரிடம் சென்று தங்குவார்கள் என்றும் 1970களில் அங்கிருந்து ஆராய்ந்த பாலி வீஸ்னர் என்னும் அம்மையார் கண்டறிந்தார்.

கிராம சங்கம் தனித்து நில்லாமல் மாவட்ட மத்திய வங்கியுடனும், அதன் வழியாக மாநிலத் தலைமை வங்கியுடனும் இணைந்திருப்பதன் காரணம் இதுவே. ஒரு கிராமத்தில் கல்மழை பெய்தால் மற்றக் கிராமங்களின் பணம் உதவும். பயிர்க் காப்பீடும் இதே தத்துவத்தைப் பற்றியதே.

சங்கத்தார் கைக்கொள்ளத்தக்க முறைகள்

மேற்கூறியவற்றிலிருந்து, வாய்தா மனுவை ஆராயும் பஞ்சாயத்தாருக்குச் சில முறைகள் கிடைக்கின்றன.

முதலாவது, விளைவை மட்டும் பாராமல் செய்முறையைப் பார்க்க வேண்டும். கடனை எதற்காக வாங்கினாரோ அதற்கே செலவிட்டாரா? நல்ல விதை விதைத்தாரா? பருவத்தில் உழுது, களையெடுத்தாரா? இவற்றுக்கு ஆம் என்று விடை வந்தால், எதிர்க்காற்றில் சரியாக நெருங்கியும் மானைத் தவறவிட்ட வேடரைப்போன்றவர் அவர். அவருக்கு வாய்தா கொடுப்பது தர்மமல்ல, நியாயம்.

இரண்டாவது, ஒரு வருஷத்தைக் கொண்டு தீர்மானிக்கலாகாது. சங்கத்தின் பேரேட்டைப் புரட்டி, ஐந்தாறு வருஷங்களில் அவர் தவணை செலுத்திய விதத்தைப் பார்க்க வேண்டும். மழை நன்றாகப் பெய்த வருஷங்களிலும் தவறியிருந்தால் அதை அதிர்ஷ்டத்தின்மேல் போடுவதற்கில்லை. அப்பொழுதும் அவரைத் தள்ளிவிடாமல், நன்றாகப் பயிரிடும் அங்கத்தினர் ஒருவருடன் சேர்த்துக் கற்பிக்க முயல வேண்டும். திறமை கற்கக்கூடியது என்பதை மேலே கண்டோம்.

மூன்றாவது, அடுத்த வயல் விளைந்தது என்னும் ஒரே காரணத்தால் குற்றஞ்சாட்டலாகாது. ஆறு நாளில் ஒரு நாள் திறமை குறைந்தவர் முந்திய கணக்கை இங்கு நினைவுகூர வேண்டும். ஒருவர் கிணற்றில் மாத்திரம் ஊற்று வற்றுவதும், ஒருவர் எருது மாத்திரம் நோயில் விழுவதும் உண்டு.

நான்காவது, நல்ல வருஷத்தில் சேமநிதியைக் குறைத்து லாபத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் ஆசைக்கு இடங்கொடுக்கக் கூடாது. சேமநிதி என்பது இன்று மான் அகப்பட்டவர் நாளை வெறுங்கையுடன் வரக்கூடிய தமக்கே எடுத்து வைக்கும் பங்கு.

ஐந்தாவது, நன்றாக விளைந்தவர் விளையாதவரை இகழ்தல் ஆகாது. தமது களத்திலுள்ள நெல்லில் எத்தனை மூட்டை உழைப்பினுடையது, எத்தனை மூட்டை காலத்தில் பெய்த மழையினுடையது என்று பிரித்துச் சொல்ல எவராலும் இயலாது.

திறமையை ஒவ்வொருவரும் தனித்தனியே வளர்த்துக்கொள்ள வேண்டும். அதிர்ஷ்டத்தை எல்லோரும் சேர்ந்து தாங்கிக்கொள்ள வேண்டும். இவ்விரண்டில் எது குறைந்தாலும் சங்கம் நிலைப்பதரிது. அடுத்த கூட்டத்தில் வாய்தா மனு ஒன்று வாசிக்கப்படும்பொழுது, பஞ்சாயத்தார் மனுதாரருடைய வயலை ஒருமுறை நேரில் சென்று பார்த்துவிட்டுப் பிறகு தீர்மானம் எழுதுவார்களாயின், இக்கட்டுரையின் நோக்கம் நிறைவேறியதாகும்.