முள் காட்டும் உண்மை – 14: ஏழில் குறை தெரியாது

பழைய கருவிக்கு எடுத்த எடுப்பில் மின்சாரம் கொடுக்கக் கூடாது, முதலில் கெபாசிட்டர்களைப் பார்க்க வேண்டும் என்பது வரை சென்ற வாரம் வந்திருந்தோம். இந்த வாரம் ஆசிலோஸ்கோப் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் ஆம்பூர் டேனரி ஒன்றின் ஸ்டோர் ரூமில் கிடந்த, முள் வைத்த பிஎச் மீட்டர் ஒன்று என் மேஜைக்கு வந்து சேர்ந்தது. ஆசிலோஸ்கோப் காத்திருக்கட்டும்.

டேனரியில் பிஎச் எவ்வளவு முக்கியம் என்று வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சுருக்கமாக: தோலை ஆசிட்டும் உப்பும் கலந்த நீரில் ஊறவைக்கும் பிக்கிள் கட்டத்தில் டிரம்மில் பிஎச் 3-க்குக் கீழே, 2.8 அளவில் இருக்க வேண்டும். பதனிடும் குரோம் உப்பு தோலுக்குள் இறங்கியபின் மெல்ல மெல்ல 3.8, 4 வரை ஏற்றுவார்கள். வெளியே போகும் கழிவுநீர் 5.5-க்கும் 9-க்கும் நடுவே இருந்தாக வேண்டும். தோலை வெட்டி, வெட்டுவாயில் புரோமோகிரசால் கிரீன் சொட்டு விட்டு நிறம் பார்ப்பது இன்றும் உண்டு; ஆனால் கணக்கில் எழுத எண் வேண்டும். அந்த எண்ணைத் தருவது மீட்டர்.

வந்த மீட்டரின் எலக்ட்ரோடை 7 பிஎச் பஃபரில், அதாவது பிஎச் மாறாத சோதனைக் கரைசலில், வைத்தேன். முள் 7-இல் அசையாமல் நின்றது. கொண்டுவந்தவர் முகம் மலர்ந்து, "நல்லாத்தான் சார் இருக்கு" என்றார். 4 பிஎச் பஃபருக்கு மாற்றினேன். முள் 4.5-ஐத் தாண்டி இறங்க மறுத்தது.

இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத விஷயம் இதுதான். கண்ணாடி எலக்ட்ரோடு தரும் மின்னழுத்தம் பிஎச் 7-இல் ஏறக்குறைய பூஜ்யம். அங்கிருந்து ஒவ்வொரு பிஎச் விலகலுக்கும், 25 டிகிரி வெப்பத்தில், 59.16 மில்லிவோல்ட். இந்த மின்னழுத்தம் கண்ணாடிச் சவ்வைத் தாண்டி வருகிறது. அந்தச் சவ்வின் மின்தடை 100, 200 மெகா ஓம் என்று இருக்கும். சாதாரண வோல்ட்மீட்டரை மாட்டினால் அதுவே மின்னழுத்தத்தை விழுங்கிவிடும். பிஎச் மீட்டரின் உள்வாயில், அதாவது இன்புட்டில், கசிவே இருக்கக் கூடாது. எலக்ட்ரோடு 200 மெகா ஓம், உள்வாயின் கசிவு 1000 மெகா ஓம் என்று வையுங்கள். ஆறில் ஒரு பங்கு மின்னழுத்தம் காணாமல் போகும். பூஜ்யத்தில் ஆறில் ஒரு பங்கு போனாலும் பூஜ்யம்தானே? அதனால்தான் 7-இல் மீட்டர் யோக்கியமாகத் தெரிகிறது. ஆனால் 2.8 பிஎச் உள்ள பிக்கிளில் 248 மில்லிவோல்ட் வர வேண்டிய இடத்தில் 207-தான் வரும். முள் காட்டுவது 3.5. அதை நம்பி இன்னும் கொஞ்சம் ஆசிட் ஊற்றுவார்கள். பிறகு அந்த ஆசிட்டை முறிக்கக் கூடுதல் சோடியம் பைகார்பனேட். எல்லாம் கடைசியில் கழிவுநீரில்.

ஸ்லோப் திருகு உள்ள மீட்டரில் 4-ஐ இழுத்துச் சரிசெய்துவிடலாமே என்பார்கள். காலையில் சரியாகும். வேலூர் வெயில் ஏற ஏறக் கண்ணாடியின் மின்தடை சரியும், கசிவால் இழக்கும் பங்கும் மாறும், மதியம் முள் வேறு இடத்தில் நிற்கும். குறையைத் திருகி மறைப்பது காலிப்ரேஷன் ஆகாது.

இந்த உள்வாய்ச் சிக்கலில்தான் பிஎச் மீட்டரே பிறந்தது. 1934-இல் கலிபோர்னியாவில் எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க வழி தேடி, கிளென் ஜோசப் என்பவர் தன் பழைய கல்லூரித் தோழர் ஆர்னால்ட் பெக்மனிடம் வந்தார். சாற்றில் கலந்திருந்த சல்பர் டை ஆக்சைடு லிட்மஸ் தாளை வெளிற வைத்துவிடும். மெல்லிய கண்ணாடி எலக்ட்ரோடு எளிதில் உடையும். தடித்த கண்ணாடி என்றால் வரும் மின்னோட்டம் கால்வனோமீட்டருக்குப் போதாது. பெக்மன் வால்வு ஆம்ப்ளிஃபயரை நடுவில் வைத்தார். அடுத்த ஆண்டு 195 டாலர் விலையில் அது விற்பனைக்கு வந்தது.

நம் மீட்டரில் கசிவு எங்கே? திறந்து பார்த்தேன். எலக்ட்ரோடு சொருகும் சாக்கெட்டைச் சுற்றி உப்புப் படலம். உப்புத் தோல் அடுக்கிய கிடங்கின் பக்கத்து அறையில் இருந்த கருவி. மழைக்காலத்தில் அந்த உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டு மின்சாரத்துக்கு வழி விடுகிறது. ரேஞ்ச் ஸ்விட்சின் வெள்ளிக் காண்டாக்டுகள் கன்னங்கரேல். மயிர் நீக்கப் போடும் சோடியம் சல்பைடிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு செய்த வேலை அது. வேறு ஊர் மீட்டரில் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது அரிது.

ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பிரஷால் சாக்கெட்டைக் கழுவி, வெதுவெதுப்பான காற்றில் உலர்த்தினேன். விரல் படக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசையே ஒரு கசிவு. காண்டாக்டுகளைத் துடைத்து, உள்ளே சிலிக்கா ஜெல் பை ஒன்றையும் வைத்தேன்.

அதன் பிறகுதான் பரீட்சை. எலக்ட்ரோடைக் கழற்றிவிட்டு 200 மில்லிவோல்ட்டை நேராகக் கொடுத்து முள்ளைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்து அதே மின்னழுத்தத்தை 100 மெகா ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கொடுக்க வேண்டும். நல்ல மீட்டரில் முள் அசையாது. 1000 மெகா ஓம் கசிவிருந்தால் 182-க்கு விழும். ரெசிஸ்டரைப் பால் பவுடர் டின்னுக்குள் வைத்து டின்னை எர்த் செய்யுங்கள். இல்லாவிட்டால் சுவர் வயரிங்கின் இரைச்சல் முள்ளை ஆட்டும். நம் மீட்டர் 200-இல் நின்றது. எலக்ட்ரோடை மாட்டி 7, 4, 9.18 மூன்றிலும் பார்த்தேன், மூன்றிலும் சரி.

ஆய்வகம் வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். 7 பஃபரில் மட்டும் சரிபார்த்துவிட்டு மீட்டரை நம்பாதீர்கள். நீங்கள் வேலை செய்யும் பக்கத்து பஃபரிலும், பிக்கிள் பார்ப்பவர் என்றால் 4-இலும், தினமும் பாருங்கள். முள் வைத்த பழைய மீட்டர் ஸ்டோரில் கிடந்தால் எடைக்குப் போடுவதற்கு முன் அந்த ரெசிஸ்டர் பரீட்சையைச் செய்துவிடுங்கள். பெரும்பாலும் அழுக்கு மட்டுமே குற்றவாளியாக இருக்கும்.

ஆசிலோஸ்கோப் அடுத்த வாரம்.