விழாவுக்கு நீர்ச்சறுக்கு வாடகைக்கு எடுக்கிறீர்களா?

பிள்ளையின் பிறந்தநாளுக்குக் காற்றடைத்த நீர்ச்சறுக்கு இருந்தால் கொண்டாட்டம்தான். ஆனா, பலமா காத்து வீசினா?

2021 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில், பள்ளியொன்றில் இருந்த காற்றடைத்த கோட்டையைக் காற்று தூக்கியது. சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து 6 பிள்ளைகள் மாண்டனர்.

எதையெல்லாம் கவனிக்கலாம்?

🔹 காப்புறுதி: "இருக்கு" என்ற பதில் போதாது. பொதுப் பொறுப்புக் காப்புறுதிச் சான்றிதழைக் கேளுங்கள். விழா நாளன்று அது செல்லுமா? நீர்ச்சறுக்கும் அதில் அடங்குமா?

🔹 ஒப்பந்தம்: விபத்து நேர்ந்தால் வாடகைக்கு எடுத்தவரே பொறுப்பு என்ற வரி இருக்கலாம். படித்த பிறகே கையெழுத்திடுங்கள்.

🔹 பிணைப்பு: ஐரோப்பியத் தரநிலைப்படி, குறைந்தது 6 இடங்களில் கட்டவேண்டும். காற்று மணிக்கு 38 கிலோமீட்டரைத் தாண்டினால் பிள்ளைகளை இறக்கிவிடுங்கள்.

🔹 மின்சாரம்: காற்றூதும் இயந்திரத்தில் தண்ணீர் படக்கூடாது.

🔹 கண்காணிப்பு: ஒருவர் சறுக்கி விலகிய பிறகே அடுத்தவர். பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்கணும்.